உன் மாடியில் எழும் பேட்டரி அறை

அன்புள்ள டேனி,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ, "என் மாடியில என்னப்பா கட்டுறீங்க? யாரைக் கேட்டுக் கட்டுறீங்க?" என்று கேட்டாய். நான் ரிசீவரை உன் அம்மா கையில் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். முப்பத்து நாலு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பவர் செக்‌ஷனில் இருந்தவன் நான். ஊரில் யார் யாரோடு பேசினாலும் அதற்கான கரண்ட் என் பேட்டரியிலிருந்துதான் போனது. சொந்தப் பிள்ளையிடம் பேசவேண்டிய இடத்தில் எனக்கு நாக்கு எழவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். ஈமெயில் அனுப்பலாம் என்றால் தாம்பரத்து பிரவுசிங் சென்டரில் பக்கத்து நாற்காலிக்காரன் என் திரையைத்தான் படிக்கிறான். உனக்குச் செய்தி சொன்னது சலீம் என்பது எனக்குத் தெரியும். அவன் மேல் கோபப்படாதே. உன்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன், இப்போது கிழக்குத் தாம்பரத்தில் இன்வெர்ட்டர் கடை வைத்திருக்கிறான். சோலார் வேலை அவனுக்கு இதுதான் முதல் தடவை, அந்தப் பெருமையில் உளறியிருக்கிறான். கட்டுவதைச் சொன்னவன் காரணத்தைச் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று அவனிடம் வாக்கு வாங்கியது நான்.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் நடுவில் எங்காவது தைரியம் போய்விடும். உன் அம்மா பதினாலு மாதமாக ஆக்ஸிஜன் மெஷினில் இருக்கிறாள். கட்டிலுக்குப் பக்கத்தில் டீப்பாய் உயரத்துக்கு ஒரு மெஷின், அதிலிருந்து மூக்குக்கு ஒரு குழாய். நாங்கள் உனக்கு ஆஸ்துமா என்று சொன்னது பாதி உண்மைதான். நுரையீரல் இறுகிக்கொண்டே வருகிறதாம். ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரமாவது மெஷின் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அது கரண்டில் ஓடுவது. இங்கே கரண்ட் இப்போது எப்படி என்று பேப்பரில் படித்திருப்பாய். தினம் இரண்டு மணி நேரம் சொல்லிவிட்டு நிறுத்துகிறார்கள், சொல்லாமல் நிறுத்துவது தனிக் கணக்கு. அந்த நேரத்தில் அவளுக்கு மூச்சு வேண்டும். அதற்குத்தான் மாடியில் ஒரு பேட்டரி அறையும் நாலு சோலார் தகடும். இதைத் தாண்டி எனக்கு இப்போது வேறு எண்ணமே இல்லை. சாப்பாட்டுத் தட்டிலேயே விரலால் பிளான் போடுகிறேன் என்று உன் அம்மா சிரிக்கிறாள். சிரித்தால் இருமல் வந்துவிடுகிறது, அதனால் அதையும் குறைத்துக்கொண்டாள்.

அதை உன் மாடி என்று நீ சொன்னதில் தப்பில்லை. செம்பாக்கத்தில் எந்தத் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாலும் மொட்டை மாடிகளில் தூண் கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கும். கீழே அப்பனுக்கு, மேலே மகனுக்கு என்று நினைத்து வெட்டாமல் விட்ட கம்பிகள். நம் மாடியிலும் ஒன்பது கொத்து இருந்தது. துரு ஏறாமல் இருக்க வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் வெள்ளையடிப்போடு சேர்த்து அவற்றுக்கும் சிமெண்ட் பால் பூசினேன். நீ விமானம் ஏறிய அன்று காலை, பெட்டிகளைக் கட்டி முடித்துவிட்டு மேலே போய் ஒரு சாக்கட்டியால் தரையில் கோடு போட்டாய், ஞாபகம் இருக்கிறதா? "இங்க ஹால், இங்க கிச்சன், வடமேற்கு மூலையில என் பெட்ரூம். ஜன்னலைத் திறந்தா ஏரி" என்றாய். அம்மா அன்றைக்கெல்லாம் அந்தக் கோட்டை மிதிக்காமல் வற்றல் காயப்போட்டாள். ஒரு மழையில் கோடு போய்விட்டது. எனக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு ஆறு வருஷம் அந்த மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டியைக்கூட நகர்த்தி வைக்க நான் யாரையும் விடவில்லை.

இங்கேதான் என் தப்பு ஆரம்பமாகிறது. கரண்ட் கட் தொடங்கியதும் இரண்டு பேட்டரியும் ஒரு இன்வெர்ட்டரும் வாங்கினேன். எங்கே வைப்பது? கொல்லைப்பக்கம் முடியாது, ஏரி நிரம்பினால் அங்கே இடுப்பளவு தண்ணீர் நிற்கும் என்பது உனக்கே தெரியும். "அங்கிள், மேல சின்னதா ஒரு ரூம் போட்டுடலாம், காத்தும் வெளிச்சமும் தாராளமா இருக்கு" என்று சலீம் அன்றைக்கே சொன்னான். அது டேனி வீட்டுத் தரை, அதில் கை வைக்காதே என்றேன். வீட்டுக்குள்ளேயே, எங்கள் படுக்கையறைக்கு வெளியே இருக்கும் நடையில் ஒரு மர அலமாரி செய்து, அதற்குள் பேட்டரிகளை வைத்துக் கதவையும் பூட்டினேன். வீட்டில் நடக்கும் ஜெபக்கூட்டத்துக்கு வருகிறவர்கள் இரண்டு பெரிய பேட்டரியைப் பார்த்தால் எதற்கென்று கேட்பார்கள். கேட்டால் மெஷினைப் பற்றித் தெரியும், சர்ச்சில் ஒருவருக்குத் தெரிந்தால் உனக்குத் தெரிந்த மாதிரி. அதனால் பூட்டு. மேலே ஒரு வசன காலண்டரும் மாட்டினேன். எக்ஸ்சேஞ்ச் பேட்டரி அறையில் சட்டைப் பையில் தீப்பெட்டி வைத்திருந்தான் என்பதற்காக ஒருவனுக்கு மெமோ வாங்கிக் கொடுத்தவன் நான். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து வாயு வரும், அது மூடிய இடத்தில் தேங்கினால் ஒரு பொறி போதும் என்று எத்தனை பேருக்கு வகுப்பெடுத்திருக்கிறேன். அத்தனையும் தெரிந்தவன், உன் அம்மாவின் தலைமாட்டிலிருந்து எட்டடி தூரத்தில் அந்த வாயுவைப் பூட்டி வைத்தேன்.

ஜூலையில் ஒரு நாள் மத்தியானம் கட் முடிந்து கரண்ட் வந்தது. கொஞ்ச நேரத்தில் அலமாரிப் பக்கமிருந்து ஒரு காரமான வாடை. திறந்து பார்த்தேன், ஒரு டெர்மினல் சுட்டுக்கொண்டிருந்தது. இன்வெர்ட்டரை அணைக்கவேண்டும், கதவுகளைத் திறந்துவிட்டுக் காத்திருக்கவேண்டும். ஒன்றும் செய்யவில்லை, நேரே ஸ்பேனரை வைத்துத் திருகினேன். பொறி பறந்தது. பேட்டரியின் மேல்மூடி வெடித்து உத்தரத்தில் போய் அடித்தது. ஆசிட் என் சட்டையிலும் முகத்திலும் தெறித்தது. மெயினை இறக்கிவிட்டு, கண்ணைத் திறக்கமுடியாமல் பின்பக்கக் குழாயடிக்கு ஓடித் தண்ணீரை அடித்துக்கொண்டே நின்றேன். மெயினை இறக்கினால் மெஷினும் நிற்கும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது, பத்து நிமிஷம் இருக்கலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தப் புகைக்குள் நடந்து குழாயடிக்கு வந்துவிட்டாள் உன் அம்மா. உதடு நீலமாக இருந்தது. "உங்களுக்கு என்ன..." என்று கேட்டாள். "ஆச்சு" என்று முடிக்க அவளுக்கு மூச்சில்லை. நான் போன் போட்டதும் சலீம் ஓர் ஆக்ஸிஜன் சிலிண்டரோடு வேனை எடுத்துக்கொண்டு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தான், நாலு நாள் இருந்தாள். அதையொட்டி வந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் போன் பழுது என்று பிறகு உனக்குச் சொன்னோம். டெலிபோன்காரன் வீட்டுப் போன் பழுது என்றால் நீயும் நம்பினாய்.

இப்போதுதான் கரண்ட் போனது. எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். புதிதாக வாங்கிய நாலு பேட்டரிகள் போர்ட்டிகோவில், திறந்த வெளியில், ஒரு தார்ப்பாய்க்குக் கீழே இருக்கின்றன. மெஷின் ஓடுகிறது. அம்மா கண்ணை மூடிப் படுத்திருக்கிறாள், தூங்கவில்லை. ஐப்பசி மழை பிடித்தால் தார்ப்பாய் தாங்காது, தண்ணீர் ஏறினால் போர்ட்டிகோவும் தாங்காது. அதற்குள் மேலே தளம் போட்டு, அது இறுகி, பேட்டரிகளை ஏற்றிவிடவேண்டும். வானத்தில் ஒரு கறுத்த மேகம் வந்தால் ஓடிப்போய்த் தார்ப்பாயின் ஓரங்களை இழுத்துக் கட்டுகிறேன்.

அதற்காக அவசரத்தில் கட்டுகிறேன் என்று நினைக்காதே. பதினோரு பிளான் போட்டேன். முதல் பிளானில் ஒரே அறை. அடித்துவிட்டு நடுவில் சுவர் வைத்தேன், ஒரு பக்கம் பேட்டரி மட்டும், மறுபக்கம் இன்வெர்ட்டரும் சுவிட்சும். பொறி வரக்கூடிய எதுவும் பேட்டரி பக்கம் இருக்கக்கூடாது. அந்த வாயு காற்றைவிட லேசு, மேலேதான் போகும். அதனால் தளத்தைச் சாய்வாகப் போட்டு, உயரமான பக்கத்தில் உச்சியை ஒட்டி நீளமாக ஒரு திறப்பு, எதிர்ப்பக்கம் தரையோரம் ஒரு திறப்பு. கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி. தரைக்கும் சுவரில் இடுப்பளவுக்கும் ஆசிட் தாங்கும் ஓடு, வாசலில் ஒரு தண்ணீர்க் குழாய். ஜெனரேட்டர் மேலே வேண்டாம் என்று முடிவு செய்தேன், அதன் புகை மாடிப்படி வழியாக நேரே அவள் அறைக்கு இறங்கும். மேஸ்திரி ஏழுமலை நல்ல வேலைக்காரர், ஆனால் என்னிடம் அவருக்குப் பொறுமை போய்விட்டது. "சார், நேத்து போட்ட கோட்டை இன்னிக்கு அழிக்கிறீங்கோ. நான் ரூம் கட்றேனா, கோலம் போட்டுகினு கீறேனா?" என்றார். மேல் திறப்புக்குக் கொசுவலை அடிக்கவேண்டும், ஏரிக் கொசு பேஜார் பண்ணும் என்றும் வாதாடினார். பேட்டரியைக் கொசு கடிக்காது என்றேன். அணில் கூடு கட்டி அடைத்துவிடாமல் பெரிய கண் வைத்த கம்பி வலை மட்டும் போதும் என்று கடைசியில் ராசியானோம்.

இடம்தான் பெரிய சண்டை, அது எனக்கும் எனக்கும் நடந்த சண்டை. நாலு பேட்டரி, ஒவ்வொன்றையும் தூக்க இரண்டு ஆள் வேண்டும். அந்தக் கனத்தை வெறும் தளத்தின் நடுவில் இறக்கக்கூடாது, கீழே தூணும் உத்தரமும் இருக்கிற இடத்தில்தான் வைக்கவேண்டும். போர்ட்டிகோ பக்கம் பார்த்தேன், படிக்கட்டு மேல் பார்த்தேன், எங்கே டேப் வைத்தாலும் சுற்றிச் சுற்றி வடமேற்கு மூலைக்கே வந்தது. நீ பெட்ரூம் என்று கோடு போட்ட அதே மூலை. அங்கேயிருந்து இன்வெர்ட்டர் ஒயர் நேரே அவள் அறைக்கு இறங்குகிறது, சாயங்காலக் கடல்காற்று வாயுவை ஏரிப் பக்கம் தள்ளிவிடும். அந்த நாலு கொத்துக் கம்பியையும் தூணாக்கி ஏழடி உயரத்தில் தளம் போட்டு மூடினால் அதற்கு மேல் எழும்ப வழியில்லை. அதோடு போகவில்லை. சோலார் தகட்டை அறையின் தலையில் வைக்கமுடியாது, ஜி.எஸ்.டி. ரோட்டுப் புழுதியை நான் தினம் ஏறித் துடைக்க என் முழங்கால் ஒத்துக்கொள்ளாது. இடுப்பு உயர ஸ்டாண்டில் மாடித் தரையிலேயே வைக்கவேண்டும். அப்படி வைத்தால் தெற்கு வரிசைக் கம்பிகளின் நிழல் தகட்டின் மேல் விழுகிறது. ஒரு விரல் கனம் நிழல் விழுந்தாலே போதும், தகடு படுத்துக்கொள்ளும். அந்த மூன்று கொத்தை வெட்டித்தான் ஆகவேண்டும். ஒன்பதில் ஏழு போனால் மிச்சம் இரண்டு. இரண்டை வைத்துக்கொண்டு யாரும் வீடு கட்டமுடியாது.

சுவரெல்லாம் எழுந்தது. கம்பியில் மட்டும் கை வைக்க எனக்கு மனசு வரவில்லை. ஏழுமலை தினம் வெட்டும் மெஷினோடு வந்து நிற்பார், நான் தினம் டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்புவேன். நிழலை அளக்கிறேன் என்று காலை எட்டு மணிக்கும் பன்னிரண்டுக்கும் நாலுக்கும் மாடியில் பென்சிலோடு உட்கார்ந்திருப்பேன். அளந்தால் நிழல் குறையுமா? மூன்று வாரம் இப்படிப் போனது. நீயும் ஒவ்வொரு வருஷமும் "இன்னும் ரெண்டு வருஷம்ப்பா, வந்துடுவேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாய். உன்னைக் குற்றம் சொல்லவில்லை. எப்போது வருகிறாய் என்று நான் கேட்காமல் இருந்தால் நீ அதைச் சொல்லியே இருக்கமாட்டாய். நான் கேட்டுக் கேட்டு உன்னைப் பொய் சொல்ல வைத்தேன், அந்தப் பொய்யை வைத்து மாடியைக் காவல் காத்தேன், அந்தக் காவலுக்காகப் பேட்டரியை அவள் தலைமாட்டில் வைத்தேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் எழுதினேன் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உன் போன் வருவதற்கு ஐந்து நிமிஷம் முன்பு உன் அம்மா மூக்கிலிருந்து குழாயை எடுத்துவிடுவாள். நான் மெஷினை நிறுத்துவேன். அது கடகடவென்று சத்தம் போடும், நடுநடுவே உஸ்ஸென்று மூச்சு விடும். அது உன் காதில் விழக்கூடாது என்பது எங்கள் ஏற்பாடு. நீ பேசி முடிக்கும் வரை அவள் வெறும் மூச்சில் இருப்பாள். "அம்மா ஏன் என்கிட்ட ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டேங்கிறாங்க, கல்யாணம் ஆனதுலேர்ந்து என்மேல கோபமா?" என்று நீ ஈஸ்டர் சமயத்தில் என்னிடம் கேட்டாயே, அவளுக்கு இருந்தது அந்த இரண்டு வார்த்தைக்கான மூச்சுதான். போன ஞாயிறு நீ என் மேல் கோபத்தில் வெகுநேரம் பேசினாய். நான் ரிசீவரை அவளிடம் தள்ளிவிட்டு மேலே ஓடினேன். மெஷின் நின்றிருக்கிறது என்பதைக்கூட மறந்து ஓடினேன். உன்னைச் சமாதானப்படுத்த அவள் பேசியிருக்கிறாள். இறங்கி வந்தபோது ரிசீவர் தொங்கிக்கொண்டிருந்தது, அவள் கட்டில் விளிம்பில் குனிந்து, நகமெல்லாம் நீலம் பாரித்து உட்கார்ந்திருந்தாள். மெஷினைப் போட்டுக் குழாயை மாட்டி, முகம் தெளியும் வரை முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். அவள் கேட்ட முதல் கேள்வி, "கம்பியை வெட்டிட்டீங்களா?" நாளைக்கு என்றேன். "அவன் வரும்போது நான் இருக்கணும்னா வெட்டுங்க" என்றாள்.

திங்கட்கிழமை காலை வெட்டிவிட்டோம். மூன்று கொத்தும் வெட்டி முடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை, நான் பக்கத்திலேயே நின்றேன். நாளை மறுநாள் தளம் போடுகிறோம். உனக்கு இங்கே இனி மாடி வீடு இல்லை, டேனி. வந்தால் கீழே எங்களோடு இருந்து ஹாலில் படுத்துக்கொள்ள வேண்டியதுதான். நீ இருக்கிற ஊரிலேயே உனக்குப் பிடித்த வீட்டை வாங்கு, என்னிடம் தயங்காமல் சொல். உனக்குப் பிள்ளை பிறந்து வளர்ந்து எங்கேயாவது போனால், அதன் பெயரில் ஓர் இடத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு வீட்டில் இருப்பவளை மூச்சு முட்ட விடாதே. உன் மனைவியிடம் இந்தக் கடிதத்தை மறைக்காமல் காட்டு. மறைக்கப் பழகினால் அது எவ்வளவு சுலபமாக வரும் என்று எனக்குத் தெரியும்.

இதைக் கூரியரில் போடுகிறேன், ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்கிறான். அதனால் இந்த ஞாயிறு நான் மட்டும்தான் உன்னோடு பேசுவேன், அம்மா சர்ச்சுக்குப் போயிருக்கிறாள் என்று கடைசியாக ஒரு பொய் சொல்வேன். பொறுத்துக்கொள். அதற்கு அடுத்த ஞாயிறு மெஷினை நிறுத்தமாட்டேன். "அவன் பயந்துடுவான்ங்க" என்று உன் அம்மா இன்னும் முனகிக்கொண்டுதான் இருக்கிறாள். பயப்படட்டும் என்று சொல்லிவிட்டேன். போனை எடுத்ததும் உனக்கு ஓர் இரைச்சல் கேட்கும். லைன் சரியில்லை என்று வைத்துவிடாதே. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசு, இந்தத் தடவை அவளும் பேசுவாள்.

உன் அப்பா